ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு ஒரு ஓட்டு

வேட்டைத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிறீர்களா? இல்லையா, பரவாயில்லை. டிரைவிங் லைசென்ஸ்? அதுவும் இல்லையென்றால், ஏதாவது கம்பெனியில் நிரந்தர வேலை, மாதச் சம்பளம்? பட்டாளத்தில் இருந்தீர்களா? ஆரம்பப் பள்ளி சர்டிஃபிகேட் கையில் இருக்கிறதா? உங்கள் கடைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறீர்களா? சர்க்கார் கொடுத்த மெடல் ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா?

எதுவுமே இல்லையா? ஸாரி. உங்களுக்கு ஓட்டு கிடையாது.

பர்சனல் லோன் கேட்டுப் போனால் பேங்க் மேனேஜர் கேட்கிற கேள்விகள் மாதிரி இருக்கிறதல்லவா? நான் விளையாடவில்லை. 1946 அக்டோபரில் பிரான்ஸ் நாடாளுமன்றம் போட்ட சட்டம் இது. பிரான்ஸின் ஆப்பிரிக்கக் காலனிகளில், அதாவது செனகல், ஐவரி கோஸ்ட், கினி, காங்கோ, கேமரூன் என்று நீளும் பிரதேசங்களில், யாரெல்லாம் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்பதற்கான பட்டியலில் மேலே சொன்ன அத்தனையும் உண்டு. வேட்டை லைசென்ஸ் சத்தியமாக உண்டு.

பி.காம். மூன்றாம் வருடம் எங்களுக்கு ஆடிட்டிங் நடத்தியவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "லெட்ஜர்ல இருக்கறதைப் பார்க்கறது குமாஸ்தா வேலைப்பா. இல்லாதது எதுன்னு தேடறதுதான் ஆடிட்டர் வேலை." நான் ஆடிட்டர் ஆகவில்லை, பத்திரிகைக்கு வந்துவிட்டேன். டெபிட், கிரெடிட் எல்லாம் மறந்துபோச்சு. இது மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இதில் யார் இல்லை என்று கை தானாகத் தேடும். ஓட்டர் லிஸ்ட் கிடைத்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த ஆப்பிரிக்க லிஸ்ட் என்னிடம் மாட்டியது புதுச்சேரியில். 2007-ல் பிரான்ஸ் ஜனாதிபதித் தேர்தல். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் நம் தமிழர்கள் புதுச்சேரியிலேயே ஓட்டுப் போடுவார்கள், தெரியுமல்லவா? அதைப் படம் பிடித்து எழுத என்னை அனுப்பியிருந்தார்கள். வரிசையில் ஒரு வயதான சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அல்ஜீரியாவில் டியூட்டி பார்த்தவர். "தம்பி, அந்தக் காலத்துல பாரிஸ் பார்லிமென்ட்டுக்கு நம்ம ஊர்லேர்ந்தே எம்.பி. போனாரு. ஆப்பிரிக்காக்காரனும் நாங்களும் ஒரே சபையில" என்றார். விசாரித்தால் உண்மைதான். லம்பேர் சரவணன் என்பவர் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பாரிஸில் உட்கார்ந்திருக்கிறார். அதே சபையில் செனகல்காரர்களும் ஐவரி கோஸ்ட்காரர்களும். சரவணனை விட்டுவிட்டு அந்த ஆப்பிரிக்காக்காரர்கள் பின்னாலேயே நான் போய்விட்டேன். அந்தக் கதைதான் இது.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ் 1940-லேயே ஹிட்லரிடம் மண்டியிட்டுவிட்டது. தப்பி லண்டன் போன டி காலுக்குச் சொந்த மண் என்று காலூன்ற இடம் கொடுத்தது ஆப்பிரிக்கா. ஆள் கொடுத்ததும் ஆப்பிரிக்காதான். நன்றிக்கடன் என்று ஒன்று இருக்கிறதே? 1944 தொடக்கத்தில் காங்கோவின் பிரஸாவில் நகரத்தில் ஒரு மாநாடு. கூடியவர்கள் கவர்னர்களும் அதிகாரிகளும். சுயாட்சி என்ற பேச்சே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் அடுத்து கூடும் அரசியல் நிர்ணய சபையில் காலனிக்காரர்களுக்கும் இடம் உண்டு. கட்டாய உழைப்பை ஐந்து வருடத்துக்குள் ஒழித்துவிடலாம்.

ஐந்து வருடம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1945 அக்டோபர் 21. தேர்தல். மொத்தம் 586 இடம். அதில் கடல் கடந்த பிரதேசங்கள் அத்தனைக்கும், அல்ஜீரியாவையும் சேர்த்து, 64. ஜனத்தொகைப்படி கணக்குப் போட்டால் பாதிக்கு மேல் வரவேண்டும். போகட்டும்.

சஹாராவுக்குத் தெற்கே ஒவ்வொரு பிரதேசத்திலும் இரண்டு ஓட்டர் லிஸ்ட். முதல் லிஸ்ட் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு. பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். இரண்டாவது லிஸ்ட், குடிமகன் அல்லாத உள்ளூர்க்காரர்களில் சர்க்கார் 'பரவாயில்லை' என்று நினைத்தவர்களுக்கு: உத்தியோகஸ்தர், படித்தவர், தலைவர், லைசென்ஸ் வியாபாரி, மாஜி ராணுவத்தினர். பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் இந்த இரண்டாவது லிஸ்ட்டில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் இடம் சமம். ஒரு சில ஆயிரம் வெள்ளைக்காரர்களுக்கு ஓர் எம்.பி., லட்சக்கணக்கான கறுப்பர்களுக்கு ஓர் எம்.பி.

செனகல் மட்டும் கொஞ்சம் தனி கேஸ். டாக்கார், செயின்ட் லூயி, ருஃபிஸ்க், கோரே ஆகிய நாலு ஊர்க்காரர்களுக்கு அதற்கு முன்பிருந்தே ஓட்டுரிமை உண்டு. ப்ளேஸ் தியாஞ் என்ற கறுப்பரை 1914-லேயே பாரிஸுக்கு எம்.பி.யாக அனுப்பியவர்கள் அவர்கள். அந்த ஊர்களில்கூட 1945 தொடக்கத்தில் ஒரு கூத்து நடந்தது. பிரான்ஸில் பெண்களுக்கு ஓட்டு கொடுத்தாகிவிட்டது. செனகலில்? வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும் என்று ஆணை வந்தது. ஊரே கொந்தளித்தது. நாலு மாதத்துக்குள் ஆணையை மாற்றி, அந்த நாலு ஊர்க் கறுப்புப் பெண்களுக்கும் கொடுத்தார்கள்.

அந்தக் கொந்தளிப்பில் முன்னால் நின்ற வக்கீல் லமீன் கே. இன்னொரு விஷயத்திலும் அவர் பேர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. 1944 டிசம்பர் 1-ம் தேதி டாக்காரை ஒட்டிய தியாரோய் முகாமில், ஜெர்மன் சிறையிலிருந்து திரும்பிய ஆப்பிரிக்க சிப்பாய்கள் சம்பள பாக்கி கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவம் சுட்டது. செத்தவர்கள் 35 என்று சொன்னது சர்க்கார். அதை நம்பாதவர்கள் இன்றைக்கும் அதிகம். அது படுகொலைதான் என்று பிரான்ஸ் ஜனாதிபதி ஒப்புக்கொள்ளவே 2024 ஆயிற்று. உயிர் பிழைத்த சிப்பாய்களைக் கூண்டில் ஏற்றியபோது அவர்களுக்காக வாதாடியவர் லமீன் கே. செனகலின் முதல் லிஸ்ட்டில் அவர்தான் ஜெயித்தார். இரண்டாவது லிஸ்ட்டில் ஜெயித்தவர் லெயோபோல்ட் செங்கோர். கவிஞர், இலக்கண வாத்தியார், ஜெர்மன்காரனிடம் போர்க்கைதியாக இருந்தவர். அவரே பிரெஞ்சுக் குடிமகன், ஆனால் குடிமகன் அல்லாத நிலக்கடலை விவசாயிகளின் எம்.பி.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம்.

ஐவரி கோஸ்ட்டில் இரண்டாவது லிஸ்ட்டில் நின்றவர் ஃபெலிக்ஸ் ஊஃப்வே. டாக்காரில் படித்த டாக்டர். யாமுசுக்ரோ பக்கம் பரம்பரைத் தலைவர். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய காபி, கோகோ தோட்டக்காரர். இந்த மூன்றாவதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது அங்கே தோட்டத் தொழில் எப்படி நடந்தது? வெள்ளைக்காரத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் சர்க்காரே பிடித்துக் கொடுக்கும். ஊர்த் தலைவனிடம் 'இத்தனை தலை' என்று கேட்பார்கள். அவன் அனுப்பியாக வேண்டும். நிறையப் பேர் வடக்கே இருந்த மோசி இனத்து ஆட்கள். கூலி என்று கையில் தருவது பேருக்கு. ஓடினால் ஜெயில். ஜெயிலுக்கு விசாரணை வேண்டாம், அதிகாரியின் கையெழுத்து போதும். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். போர்க்காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வெள்ளைக்காரத் தோட்டத்துக் காபிக்கு ஒரு விலை, கறுப்பர் தோட்டத்துக் காபிக்குக் குறைந்த விலை. காபி என்னவோ ஒரே நிறம்தான்.

ஆப்பிரிக்கத் தோட்டக்காரர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரனுக்கு சர்க்கார் ஆள் பிடித்துத் தருகிறது. இவருக்கு ஆளில்லை. இவருடைய தோட்டத்துக் கூலியாட்களையே பிடித்துக்கொண்டு போகிறார்கள். பல நேரம் இவரையே பிடித்துக்கொண்டு போகிறார்கள்! 1944-ல் ஊஃப்வே ஆப்பிரிக்கத் தோட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். ஆளைப் பிடிக்காதே, நல்ல கூலி கொடு, தானாக வருவான் என்பதுதான் சங்கத்தின் வாதம்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கட்டாய உழைப்பை எதிர்த்தவர்கள் எல்லோரும் கருணைக் கடலாக இருந்து எதிர்க்கவில்லை. லேபர் காஸ்ட் கணக்கு உதைத்தது, எதிர்த்தார்கள். இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வருகிறது, தியாகியைக் கொச்சைப்படுத்துகிறாயே என்று. எனக்கென்னவோ, சொந்த லாபமும் ஊர் நியாயமும் ஒரே பக்கம் வந்து நிற்பது அபூர்வம் என்றுதான் தோன்றுகிறது. அப்படி வந்தால் விடவே கூடாது.

ஊஃப்வேயை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் மோசி ராஜாவின் அரண்மனைப் பிரமுகர். இன்றைய புர்கினா ஃபாஸோவின் பெரும் பகுதி அப்போது ஐவரி கோஸ்ட்டோடு ஒட்டியிருந்தது. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. இரண்டாவது சுற்றில் ஊஃப்வே ஜெயித்தார், மயிரிழையில். ஜெயித்த கையோடு பேரில் ஒரு வால் சேர்த்துக்கொண்டார்: புவாஞி. அவருடைய பவுலே மொழியில் ஆட்டுக்கடா என்று அர்த்தம். முட்டினால் நிற்காது என்பதாம்.

இப்போது அந்த ஆடிட்டிங் கேள்வி. இந்தத் தேர்தலில் இல்லாதது யார்? தோட்டத்தில் கட்டாய வேலை செய்துகொண்டிருந்த அந்தக் கூலிக்காரன். நிரந்தரச் சம்பளம் இல்லை, சர்டிஃபிகேட் இல்லை, மெடல் இல்லை. அவன் பேர் எந்த லிஸ்ட்டிலும் இல்லை. அவனுக்காக ஒருவரும் ஓட்டு கேட்டு வரவில்லை.

ஆனால் கடா பாரிஸ் போய் முட்டியது. 1946 ஏப்ரல் 11-ம் தேதி, கடல் கடந்த பிரதேசங்களில் கட்டாய உழைப்பு எந்த வடிவத்திலும் கூடாது என்று சட்டம் நிறைவேறியது. ஊஃப்வே-புவாஞி சட்டம் என்றே அதற்குப் பேர். பக்கம் பக்கமாக இல்லை. அஞ்சல் கார்டில் அடங்கிவிடும். பிரஸாவிலில் அதிகாரிகள் ஐந்து வருடம் கேட்டார்கள் அல்லவா? தேர்தல் முடிந்து ஆறே மாதம். சேதி காட்டுக்குள் பரவப் பரவ, வெள்ளைக்காரத் தோட்டங்களில் ஆட்கள் அப்படி அப்படியே வேலையைப் போட்டுவிட்டு ஊருக்கு நடையைக் கட்டினார்கள். ஓட்டில்லாதவனை, ஓட்டுள்ள கொஞ்சம் பேர், அவரவர் காரணத்துக்காக, அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் லமீன் கே சட்டம் வந்தது. காலனிகளில் இருக்கிற அத்தனை பேரும் இனி பிரெஞ்சுக் குடிமக்கள். அடேங்கப்பா! ஒரே நாளில் கோடிக்கணக்கில் குடிமக்கள். அப்படியானால் அத்தனை பேருக்கும் ஓட்டு?

அங்கேதான் பாரிஸில் வயிற்றைக் கலக்கியது. மூன்று முறை பிரதமராக இருந்த எதுவார் எரியோ என்ற பெரியவர் ஆகஸ்ட்டில் சபையில் எழுந்து கணக்கைச் சொல்லிவிட்டார். காலனிகளின் ஜனத்தொகை நம்மைவிட அதிகம். எல்லோருக்கும் ஓட்டுக் கொடுத்தால் பிரான்ஸ் தன்னுடைய காலனிகளுக்கே காலனி ஆகிவிடும். இது இனவெறி என்று செங்கோர் பாய்ந்தார். கணக்கில் தப்பில்லை என்பதுதான் வேடிக்கை. எரியோ உள்ளதைச் சொன்னார்.

காமர்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கம்பெனியில் பங்குதாரர் என்று சர்டிஃபிகேட் அடித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் ஓட்டுரிமை இல்லாத பங்காகக் கொடுக்கவேண்டும். அக்டோபர் சட்டம் செய்தது அதைத்தான். வேட்டை லைசென்ஸும் டிரைவிங் லைசென்ஸும் உள்ளே வந்தது அப்படி. ஒன்று சொல்லவேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு லிஸ்ட் முறையை அந்தச் சட்டம் எடுத்துவிட்டது. காங்கோ பக்கம், கேமரூன், மடகாஸ்கரில் எடுக்கவில்லை. அல்ஜீரியா பற்றிப் பேசவே வேண்டாம். பத்து லட்சத்துக்கும் குறைவான ஐரோப்பியர்களுக்கு 15 இடம், சுமார் எண்பது லட்சம் முஸ்லிம்களுக்கும் 15 இடம். 1948-ல் அங்கே உள்ளூர் சபைத் தேர்தலில் கவர்னர் நேஜலன் ஓட்டுப் பெட்டியைக் கையாண்ட விதத்துக்கு, தில்லுமுல்லு என்பதற்கே அவர் பேர் பழமொழியாகிவிட்டது. ஆறு வருடம் கழித்து அங்கே துப்பாக்கி பேசியது.

மறுபடி ஐவரி கோஸ்ட். ஊஃப்வேயின் கட்சி பாரிஸில் கம்யூனிஸ்ட்டுகளோடு உட்கார்ந்திருந்தது. அதற்குத் தண்டனை கிடைத்தது. 1949-ல் கட்சிக்காரர்களைப் பிடித்து கிராண்ட் பாஸாம் ஜெயிலில் போட்டார்கள். மாதக்கணக்கில் விசாரணை இல்லை. டிசம்பர் 24-ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பெண்கள் கிளம்பினார்கள். அபிஜானிலிருந்து கடலோரமாக ஜெயிலை நோக்கிக் கூட்டம் கூட்டமாக. சோல்ஜர்கள் தண்ணீர் பீய்ச்சினார்கள், தடியால் அடித்தார்கள். அடுத்த மாதம் டிம்போக்ரோவில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் பலி.

அந்த நடைக்குப் போன பெண்களில் எத்தனை பேருக்கு ஓட்டு இருந்திருக்கும்? மார்க்கெட்டில் வாழைக்காய் விற்கிறவளுக்கு வேட்டை லைசென்ஸ் ஏது?

அடுத்த பொதுத்தேர்தல் 1951 ஜூன். அதற்கு ஒரு மாதம் முன்னால், மே 23-ம் தேதி, பாரிஸில் லிஸ்ட்டை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினார்கள். குடும்பத் தலைவர்களுக்கு ஓட்டு. பெண்களுக்கு? இரண்டு குழந்தைகளின் தாய்க்கு ஓட்டு. அதிலும் ஒரு விளக்கம். அந்த இரண்டு குழந்தைகளும் உயிரோடு இருக்கவேண்டும், அல்லது பிரான்ஸுக்காக உயிரை விட்டிருக்கவேண்டும்.

நான் கிண்டல் செய்யவில்லை. சட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது. மலேரியாவில் போன பிள்ளை கணக்கில் வராது. பட்டாளத்தில் போன பிள்ளை வரும்.

இதைப் படித்தபோது எனக்கு என் சித்தி ஞாபகம் வந்துவிட்டது.

சித்திக்குக் குழந்தை இல்லை. கோயில், டாக்டர், நாட்டு மருந்து எல்லாம் பார்த்து, ஒரு வயசுக்கு மேல் விட்டுவிட்டார். வளைகாப்பு வீட்டில் வளையல் போடக் கூப்பிடமாட்டார்கள். ஆரத்தி எடுக்க வேறு ஆள் தேடுவார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள்கூடப் பேர் கேட்பதற்கு முன்னால் "எத்தனை புள்ளைங்க?" என்பாள். வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் சுட்டு விற்பார். லைசென்ஸ் எல்லாம் கிடையாது, எவர்சில்வர் தூக்குதான்.

தேர்தல் வந்தால் மட்டும் சித்தியைக் கையில் பிடிக்க முடியாது. விடிவதற்குள் குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பூத் திறப்பதற்கு முன்னாலேயே முதல் ஆளாக நிற்பார். "எதுக்கு சித்தி இவ்வளவு அவசரம், வெயில் தாழப் போலாமே" என்று ஒருமுறை கேட்டேன். விரல் மையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க ஒருத்தனும் புள்ளை எத்தனைன்னு கேக்கறதில்லடா. பேரைச் சொல்லிக் கூப்பிடறான். போறேன், போட்டுட்டு வர்றேன்."

அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த 1951 சட்டத்தைப் படித்த ராத்திரி, 'பேரைச் சொல்லிக் கூப்பிடறான்' என்பது காதிலேயே நின்றது. வயசுக்கு வந்தவர் எல்லோருக்கும் ஓட்டு என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு வந்துவிட்டோம். அந்த வாக்கியத்தில் எத்தனை கேள்விகளை அடித்துவிட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

எண்ணிப் பார்த்தவர்கள் அந்த ஆப்பிரிக்கத் தலைவர்கள். ஒவ்வொரு தடவையும் பாரிஸில் வாதாடி ஒவ்வொரு கேள்வியாக அடித்தார்கள். 1947-ல் பிரெஞ்சோ அரபியோ படிக்கத் தெரிந்தவர் உள்ளே வந்தார். 1951-ல் தாய்மார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஓட்டர் லிஸ்ட் முப்பது லட்சத்தை எட்டியது. அந்த 1951 தேர்தலில் ஊஃப்வேயின் கட்சியை அதிகாரிகள் போட்டு மிதித்ததில், ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்து மூன்றே மூன்று இடம்தான் அதற்கு மிச்சம். மனிதர் அசரவில்லை. கம்யூனிஸ்ட்டுகளை ஏற்கெனவே கழற்றி விட்டிருந்தார். சர்க்காரோடு சமாதானமாகப் போனார். துரோகம் என்று கட்சிக்குள்ளேயே திட்டினார்கள். 1956 ஜனவரித் தேர்தலில் திரும்பி வந்து, பிரான்ஸின் மந்திரியாகவே உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் ஜூன் 23-ம் தேதி காலனி மந்திரி கஸ்தோன் தெஃபேரின் பேரில் ஒரு சட்டம் வந்தது. ஊஃப்வேயின் கை அதில் நிறைய உண்டு. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. எல்லாப் பிரதேசத்திலும் ஒரே லிஸ்ட். லைசென்ஸ் வேண்டாம், மெடல் வேண்டாம், பிள்ளை வேண்டாம்.

1957 மார்ச் 31. பிரதேச சபைகளுக்குத் தேர்தல். மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் ஓட்டர்கள். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று ஆரம்பித்து பன்னிரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்கப்புறம் வேகம்தான். 1958-ல் ஒரு வாக்கெடுப்பு, கினி மட்டும் 'வேண்டாம் போ' என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனது. 1960-ல் மற்றவை வரிசையாக விடுதலை ஆயின.

ஐவரி கோஸ்ட்டுக்கு விடுதலை 1960 ஆகஸ்ட் 7. நவம்பரில் முதல் ஜனாதிபதித் தேர்தல். தாய்மார்கள், தாயாகாதவர்கள், வாழைக்காய் விற்கிறவர்கள், தோட்டத்துக் கூலிகள், எல்லோர் பேரும் லிஸ்ட்டில் இருந்தது. வேட்பாளர் பட்டியலில்தான் ஒரே ஒரு பேர். ஃபெலிக்ஸ் ஊஃப்வே-புவாஞி.

1965-ல் அதே ஒரு பேர். 1970, 1975, 1980, 1985. ஓட்டர் லிஸ்ட்டில் ஒவ்வொரு கேள்வியாக அடிக்கப் பதினோரு வருடம் பாரிஸில் மல்லுக்கட்டிய மனிதர், இந்தப் பக்கத்து லிஸ்ட்டில் இன்னொருவரைச் சேர்க்க முப்பது வருடம் விடவில்லை. ஊரைச் செழிப்பாக வைத்திருந்தார், சண்டை இல்லாமல் வைத்திருந்தார் என்று இன்றைக்கும் அங்கே அவரைக் கும்பிடுகிறவர்கள் உண்டு. உண்மைதான். இதுவும் உண்மைதான்.

1990 அக்டோபரில் தெருவில் மாணவர்களும் தொழிலாளர்களும் இறங்கிய பிறகுதான் ஓட்டுச் சீட்டில் இரண்டாவது பேர் வந்தது. லோரன் பாக்போ. சரித்திரப் பேராசிரியர், ஊஃப்வேயின் ஜெயிலைப் பார்த்தவர். தோற்றுப்போனார். 1945 அக்டோபரில் ஊஃப்வே முதன்முதலாக ஓட்டு கேட்டுக் கிளம்பியபோது, இந்த பாக்போ அஞ்சு மாசக் கைக்குழந்தை.